புறம்போக்கில் போட்ட எட்டு

சிதம்பரம்,
14-2-1967

அன்பு மகன் சிரஞ்சீவி கொளஞ்சியப்பனுக்கு அப்பா உத்திராபதி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். பிலாயில் உன் சௌக்கியமும் மருமகள், குழந்தை சௌக்கியமும் தெரிந்தால் மனசு நிம்மதியாக இருக்கும். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. வழக்கம்போல அம்மா பெயருக்குத்தான் வந்தது, அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள், நானும் படித்தேன். குழந்தைக்குக் குளிரில் சளி என்று எழுதியிருந்தாய், அந்த ஊர் டாக்டர்களை நம்பாமல் துளசியும் கற்பூரவல்லியும் கொடுத்துப் பார். இங்கே எலெக்ஷன் கூச்சல் காதைத் துளைக்கிறது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வருகிறது, இரண்டிலும் ஒரே பொய்.

உன் மச்சான் ராஜமாணிக்கம் மோட்டார் சைக்கிள் பழகிய கதையை அம்மா அரைகுறையாக எழுதியிருப்பாள். அவள் எழுதினால் மாப்பிள்ளை தங்கக் கம்பி, நான் துருப்பிடித்த ஆணி. அதனால் முழுக்கதையையும் நானே எழுதுகிறேன். கார்த்திகையில் அவருடைய உரக் கம்பெனிக்காரர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து முதுநகரில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மாசி பிறப்பதற்குள் லைசென்ஸ் வாங்கு, ஸ்ரீமுஷ்ணம் முதல் அண்ணாகிராமம் வரை கிராமம் கிராமமாகப் போய் உரம் விற்று வா, லைசென்ஸ் வராவிட்டால் நெல்லூர் குடோனில் மூட்டை எண்ணும் வேலை என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். சென்னையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற மகாபுத்திசாலிகள்! மோட்டார் சைக்கிள் என்ன குடையா, விரித்த உடனே பிடித்துக்கொண்டு நடக்க? உன் தங்கை தில்லையம்மாளுக்கு இது ஏழாம் மாதம். நெல்லூருக்குப் போனால் அவளும் போகவேண்டும். ஏற்கெனவே ஒரு பிள்ளை மூன்று நாள் ரயில் தூரத்தில் இருக்கிறான், இருக்கிற ஒருத்தியும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உன் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அது இரண்டு பேருக்குமே நல்லதல்ல என்பது உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைப் பற்றி மரியாதைக்குறைவாக எழுதக்கூடாது, ஆகவே மரியாதையாகவே எழுதுகிறேன். அவர் கிளச்சை விடுவதைப் பார்த்தால் சூடான பால் சொம்பைக் கை நழுவ விடுவது மாதிரி இருக்கும். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். உடனே அவர் கீழே இறங்கி வண்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நிற்பார். முதல் வாரம் அவர்கள் சந்திலேயே பழகினார். பக்கத்து வீட்டில் பிறந்து இருபது நாள் ஆன குழந்தை, அது தூங்கவில்லை. மூன்றாம் நாளே இவர் அந்த வீட்டுக்குப் போய், உங்களுக்குத் தொந்தரவா இருக்குதுங்களா, வேற எடம் பாத்துக்கறேன் என்று கேட்டுவிட்டு வந்து வண்டியை மூலையில் நிறுத்திவிட்டார். கேட்டால் யார்தான் தொந்தரவு இல்லை என்பான்? அடுத்து அண்ணாகிராமத்தில் கம்பெனி குடோனுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறதாம், அங்கே முந்திரிக்கொட்டை காயவைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பழகலாம் என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஜில்லாவில் முப்பத்திநாலு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர் வீட்டு மாப்பிள்ளை, இடத்துக்கு ஊரெல்லாம் போய் மனு கொடுப்பதா? எது பட்டா, எது புறம்போக்கு என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புறம்போக்கில் ஓட்டுங்கள், யாரையும் கேட்கவேண்டியதில்லை என்று சொன்னேன். சரிங்க மாமா என்றார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

மார்கழியில் கம்பெனி வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு இங்கே வரச்சொன்னேன். நம் கீழ வீதியைவிட அகலமான புறம்போக்கு எங்கே இருக்கிறது? தேர் ஓடுகிற வீதி. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாக விடியற்காலை ஐந்தரை மணி என்று நானே குறித்துக் கொடுத்தேன். நீ இப்போது சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. மார்கழி மாசம், சிதம்பரம், ஆருத்ராவுக்கு நாலு நாள் இருக்கிறது, விடியற்காலையில் வீதியில் யார் இருப்பார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். வீட்டுக்கு வீடு பெண்கள் குளித்து முழுகிப் பாதி வீதிக்குக் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பறங்கிப்பூ குத்தி வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்துகிற நேரத்தில் உன் மச்சான் வண்டியை உதைத்தார். எட்டுப் போட்டால்தான் லைசென்ஸ் என்பதால், எட்டுப் போடுங்கள் எட்டுப் போடுங்கள் என்று நான் வாசலில் நின்று கத்தினேன். ஆறு வீட்டுக் கோலம் போயிற்று. நாலாவது உன் அம்மாவுடையது. எதிர்வீட்டு அம்மாளுக்கு வாய் நீளம் என்பது உனக்குத் தெரியும், நாலு மணிலேர்ந்து குனிஞ்சு போட்டது, எட்டுப் போடறதுக்கு எங்க கோலம்தான் கெடச்சுதா என்று ஆரம்பித்து, வீதியே கூடிவிட்டது. அப்போது மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு, தப்பு என்னுதுதாங்கம்மா, நான்தான் யோசிக்கல என்று எல்லாருக்கும் முன்னால் கைகூப்பினார். நேரத்தைக் குறித்தது நான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். உன் அம்மா அன்று காப்பி டம்ளரை வைத்த சத்தம் சிலபேர் செருப்பால் அடிக்கிற சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தெரு வேண்டாம், கடற்கரைக்குப் போவோம் என்று தை மாதம் நானே முதுநகருக்குப் போய் மகள் வீட்டில் தங்கினேன். அங்கேதான் நீ கேட்கவேண்டிய கூத்து. மீன்பிடிக்கிற ஜனங்கள் மணலில் வலையை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். நான் மாப்பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்காவிட்டால் இவருக்கு எந்த ஜென்மத்தில் வரப்போகிறது? மாமா, வலை கெடக்குது என்றார். அது இன்னும் தூரத்தில் கிடக்கிறது, கை நடுங்காமல் நேராகப் பிடியுங்கள், இதெல்லாம் கடலோரப் புறம்போக்கு என்றேன். அந்தத் தூரம் எப்படிக் கரைந்தது என்று எனக்குப் புரியவில்லை. முன் சக்கரம் வலையைச் சுருட்டிக்கொண்டது, வண்டி சாய்ந்தது, நான் வலைமேல் விழுந்தேன். பிடிபட்ட மீன் மாதிரி காலை உதறியதாக உன் தங்கை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், அவள் அங்கே இல்லவே இல்லை. வலைக்காரர் பக்கிரி என்று ஒருவர், அவர் மனைவி அஞ்சம்மாள், இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அடிபட்டதா என்று அவர்கள் கேட்கும்போதே நான் எழுந்து நின்று, இங்கே வலை விரிக்க உங்களிடம் பட்டா இருக்கிறதா, இது புறம்போக்கு, நான் ரிடையர்டு சர்வேயர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேட்டியெல்லாம் மணல், ஒரு செருப்பைக் காணவில்லை, அந்த நிலையில் பட்டா கேட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் செருப்பை வலையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, பொறம்போக்குன்னா யாருமே இல்லன்னு நெனச்சுக்கிட்டீங்களா அய்யா, இங்க எல்லாருந்தான இருக்கோம் என்றாள். முப்பத்திநாலு வருஷம் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறேன், ஒருத்தரும் எனக்கு இப்படி அர்த்தம் சொன்னதில்லை.

பக்கிரி சக்கரத்தில் சுற்றிய வலையை அறுக்கவிடவில்லை, உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தார். நஷ்டத்துக்கு என்ன வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, ஒண்ணும் வேணாம், சாயங்காலத்துல வந்து குந்தி வலையப் புடிங்க, நான் முடிச்சுப் போடறேன், கூட ஒரு கை இருந்தா சீக்கிரம் கடலுக்குப் போயிடலாம் என்றார். இவரும் மூன்று நாள் ஆபீஸ் விட்டு நேராகப் போய் மணலில் குந்தி வலை பிடித்தார். உரம் விற்க வந்தவர் வலை பின்னக் கிளம்பிவிட்டார் என்று உன் அம்மாவுக்கு அங்கிருந்தே கடிதம் போட்டேன். அவள் பதிலே போடவில்லை. மூன்றாம் நாள் பக்கிரி அவருக்கு ஒரு இடம் காட்டியிருக்கிறார். படகெல்லாம் கடலுக்குப் போனபிறகு, கருவாடு காயப்போடப் பெண்கள் வருவதற்கு முன்னால், தண்ணீர் பின்வாங்கி ஈரமாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கிற மணல் பட்டையில் ஓட்டிக்கொள்ளலாம். படகு வரிசைக்கு மேலே ஏறக்கூடாது, சைலன்ஸர் சத்தத்தை ஊர்ப்பக்கம் கொண்டுவரக்கூடாது, முடிந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். கடைசியாக ஒரு கண்டிஷன், ஒங்க மாமனார மட்டும் கூட்டியாராதீங்க. இதை என்னிடம் சொன்னது தில்லையம்மாள். மாப்பிள்ளை சொல்லமாட்டார், அவருக்கு அந்த அளவு தைரியம் கிடையாது என்று எழுத நினைத்தேன், பிறகு யோசித்தால் அது தைரியமில்லாமை அல்ல.

கூட்டிவராதே என்றால் போகாமல் இருக்க நான் என்ன குழந்தையா? மறுநாள் காலையில் அவருக்குத் தெரியாமல் போய், கரையில் கிடந்த உடைந்த படகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். திருடன் மாதிரி நின்றேன் என்றே வைத்துக்கொள். ஈர மணலில் மாப்பிள்ளை எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சக்கரம் போன தடம் அப்படியே தெரிகிறது, எங்கே வளைந்தது எங்கே கோணியது என்று அவரே இறங்கிப் பார்த்துக்கொள்கிறார். ஒரு அலை வந்து அழித்துவிட்டால் மறுபடி புதிதாகப் போடுகிறார். யார் கோலமும் கெடவில்லை, யார் குழந்தையும் எழுந்து அழவில்லை. இரண்டு தடவை விழுந்தார். அஞ்சம்மாள் தூரத்திலிருந்தே, கெடக்குது, எழுந்து போடுங்க என்று குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிளச்சை அவர் விட்ட பக்குவத்தைப் பார்த்து, இது நம் மாப்பிள்ளைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நான் பக்கத்தில் இருந்தால்தான் அவர் கை நடுங்குகிறது. நல்ல இடம் தேடுகிறேன் என்று நான் வீதி வீதியாக அலைந்ததெல்லாம் வெட்டி. என் வாய் இல்லாத இடம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உனக்குப் பதிமூன்று வயசில் நீ நம் வீதியில் சைக்கிள் பழகினாய். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, பார் பார், எருமை பல்லக்கு ஏறுகிறது என்று சொல்லிச் சிரித்தேன். நீ சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாய். அதற்குப்பிறகு இந்த ஊரில் நீ சைக்கிளைத் தொடவே இல்லை. உனக்குத் துப்பில்லை என்று பத்து வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நெய்வேலியில் வேலைக்கு மனுப் போடட்டுமா என்று நீ கேட்டபோதும், தினம் எப்படிப் போவாய், நடந்தா என்று கேட்டேன். நீ பிலாய்க்குப் போய்விட்டாய். அங்கே ஃபாக்டரிக்குச் சைக்கிளில்தான் போகிறாய் என்று போன வருஷம் அம்மாவுக்கு எழுதியிருந்தாய், எனக்கு எழுதவில்லை. படகுக்குப் பின்னால் நின்றபோது அந்த வரி நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் உத்தியோகம்தான் உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று என்று நினைத்திருந்தேனடா.

போன செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். நெல்லூர் இல்லை. தில்லையம்மாள் முதுநகரிலேயே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் தடவையாக வண்டியில் இங்கே வந்தார். வீதி முனையிலேயே என்ஜினை நிறுத்திவிட்டு, கோலங்களை விட்டு விலகி ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, வாங்க தம்பி, ஓட்டிக்கிட்டே வரலாமே என்றாள். அவளிடம் நல்ல வார்த்தை வாங்குவது லைசென்ஸ் வாங்குவதைவிடக் கஷ்டம். நானும் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், வழக்கமான பேச்சுத்தான் நாக்கில் வந்து நின்றது, விழுங்கிக்கொண்டேன். அறுபது வயசில் நான் பழகவேண்டியது அதுதான். எனக்கு எங்கே பழகுவது என்றுதான் தெரியவில்லை.

நீயும் மருமகளும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், குறைவில்லாமல் இருக்க நடராஜப் பெருமானை வேண்டிக்கொள்கிறேன். மாசிக் கடைசியில் தங்கைக்கு வளைகாப்பு, லீவு சொல்லிவிட்டு அவசியம் மூவரும் வரவேண்டும். ஞாபகமாக ஒன்று. உன் பழைய சைக்கிள் கொல்லைப்புறத்தில்தான் இத்தனை வருஷமும் சாய்ந்து கிடந்தது. மாப்பிள்ளையை விட்டு டயர் மாற்றி, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வந்தால் நம் வீதியில் ஒரு சுற்று ஓட்டு. நான் வாசலில் இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
உத்திராபதி