எந்த முறையில் அழைப்பது

அக்கா,

இன்று காலை உன் நீலப் பெட்டியைத் திறந்தேன். மஸ்கட்டிலிருந்து நீ கடைசியாக வந்தபோது கொண்டுவந்த பெட்டி. துணிகளுக்கு நடுவே சோப்புக் கட்டிகளை உறை பிரித்து வைப்பது உன் பழக்கம். "உறையோட வச்சா வாசம் உறைக்குத்தான்டி போகும்" என்பாய். உன் துணிகளை எப்போதோ கொடுத்துவிட்டோம். சோப்புகள் காய்ந்து வெடித்துக் கிடக்கின்றன. வாசம் மட்டும் போகவில்லை. அந்தப் பெட்டியில்தான் இப்போது வீட்டுக் காகிதங்கள் இருக்கின்றன.

ஆமாம், வீடு வாங்கிவிட்டேன். சின்னாளபட்டி போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு அறை, பழைய வீடுதான். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஒரே பஸ். அம்மா மாடிப்படி ஏற வேண்டியதில்லை. நாளை விடியற்காலையில் பால் காய்ச்சுகிறோம். சந்தோஷமாக எழுத வேண்டிய மடல் இது. ஆனால் கூடவே ஒரு பயமும் இருக்கிறது. என் சம்பளத்துக்கு வங்கி தந்த கடன் போக, மீதிப் பணத்தை அனுப்பியது மச்சான்.

நீ கல்லூரியில் படித்தபோது பழனி சாலைப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளுக்குள் சும்மா நுழைவாயே, நினைவிருக்கிறதா? பள்ளிப் பையோடு நானும் பின்னாலேயே வருவேன். கதவு மாட்டாத அறைகளில் ஈரச் சுண்ணாம்பு வாசம். "இது அம்மாவுக்கு. இது நீ புத்தகம் அடுக்க" என்று நடந்துகொண்டே பங்கு பிரிப்பாய். ஒருநாள் காவல்காரர் வந்து பிடித்துக்கொண்டார்.

"யாரு தாயி நீங்க? இங்க என்ன சோலி?"

"வீடு பாக்க வந்தோம்ணே. எங்க மாமா வெளிநாட்டுல இருக்காரு. பணம் அனுப்புவாரு."

"இங்க நுழையிற அம்புட்டுப் பேருக்கும் வெளிநாட்டுல ஒரு மாமா இருக்காரு. பணந்தான் வரக் காணோம்."

நீ அசரவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகினாய். அது கடகடவென்று இருமியதும் நான் வெளியே ஓடிவிட்டேன். "பயப்படாத, வா. இருமிட்டுத்தான்டி வரும், பொறு" என்றாய். நம் ஊரில் நாம் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்ததெல்லாம் தண்ணீருக்காகத்தானே. "வீடு பாக்கப் போனா மொதல்ல குழாயத் திருகு. சாமி ரூமு, சன்னலு எல்லாம் அப்பறம்." உன் பாடம் அவ்வளவுதான்.

சில வருடங்களில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் கீரனூர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டாய். பொய் சொன்னாலும் நீ சொன்னால் பலிக்கும் என்று அம்மா சொல்லிச் சிரித்தாள். நீ போய் இது மூன்றாவது ஆடி. இப்போது அந்தப் பொய்யின் மீதியும் பலித்துவிட்டது.

வீடு தேடுகிறோம் என்று யார் சொன்னார்களோ, ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் கூப்பிட்டார்.

"என்ன அம்மிணி, வீடு பாக்குறீங்களாமா?"

"சும்மாதான் மச்சான்."

"சும்மா பாக்குற ஆளா நீ? எவ்வளவு கொறையுதுன்னு சொல்லு."

கடனாக என்றால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கடன் கொடுக்க நான் என்ன வட்டிக்காரனா என்றார். நான் மேற்கொண்டு யோசிப்பதற்குள் பணம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் வீட்டுக்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் பெரியம்மா வந்தாள். உனக்குத் தெரியாதா, அவள் வந்தால் காப்பி ஆறுவதற்குள் ஊரே வீட்டுக்குள் வந்துவிடும்.

"ஏண்டி, சும்மாவா குடுப்பான் அம்புட்டுப் பணத்தை? மூத்தவ போயிட்டா எளையவளைக் குடுக்குறது நம்ம சனத்துல இல்லாததா? வாயால கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுப் பணத்தால கேக்குறான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்ல பிள்ளைதான்" என்றாள். பெரியம்மாவின் பேச்சை உதறிவிடலாம் அக்கா. அம்மாவின் குரலில் இருந்த ஆசையை என்ன செய்வது? பணத்தைத் திருப்பி அனுப்பினால் வீடு போகும், முன்பணமும் போகும். வைத்துக்கொண்டால், நான் எதற்குச் சம்மதித்தேன் என்பது எனக்கே தெரியாது. மச்சானை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் பயம் இன்னும் கூடுதலாக இருந்தது.

வங்கியில், அது அன்பளிப்புதான் என்று கொடுத்தவர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். கடன் பிரிவு அதிகாரி கேட்டார், "உறவு?"

"அக்கா வீட்டுக்காரர்."

"அப்ப அக்காவும் சேந்து ஒரு கையெழுத்துப் போட்டுரட்டும்."

"அக்கா இல்லை சார்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையை மறைக்கவோ என்னவோ, வீட்டுக் காகிதங்களை முகத்தருகே தூக்கினார். "என்னம்மா, பேப்பரெல்லாம் மணக்குது?" என்றார். பெட்டி வாசம் என்றேன்.

மச்சான் எழுதித் தர வேண்டிய கடிதத்தில் மூன்று விஷயம்: திருப்பித் தர வேண்டாம், வீட்டில் எனக்கு உரிமை இல்லை, எந்த எதிர்பார்ப்பும் இன்றித் தருகிறேன். மாதிரியை மச்சானுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பத்திரப்பதிவு நாள் நெருங்கியது. போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் நானே கூப்பிட்டேன்.

"கையெழுத்துப் போட வரலை அம்மிணி" என்றார். "எதிர்பார்ப்பு இல்லைன்னு பொய் எழுதோணுமா? எனக்கு ஒண்ணு இருக்குதே."

"ஊர்ல பேசிக்கிறதுதானா மச்சான்?" என்று கேட்டுவிட்டேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார், சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. "அடக் கிறுக்கி. எங்க கல்யாணத்தன்னைக்கு ரெட்டைச் சடையோட பந்தியில தூங்கி விழுந்தவ நீ. எங்கம்மாவும் இதே பேச்சத்தான் எடுத்துச்சு, நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார். "போன லீவுக்குக் கீரனூர் போற வழியில திண்டுக்கல்லுல எறங்குனேன். பஸ் ஸ்டாண்டுக்கிட்ட லாட்ஜுல தங்கியிருந்து உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். டீயக் குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். எந்த மொறையில உள்ள வர்றதுன்னு தெரியலை. ஆடிக்கும் கூப்புடலை, தீவாளிக்கும் கூப்புடலை. கொழந்தை ஒண்ணு இருந்திருந்தா அதைக் கையில புடிச்சுட்டாவது வந்திருப்பேன்."

நாங்கள் கூப்பிடாமல் இருந்தது உனக்குத் தெரியும். "அவ இல்லாம ஒத்த இலை முன்னாடி அந்தப் பிள்ளை எப்படி உக்காரும்?" என்று அம்மாதான் தடுத்தாள். நோகக்கூடாது என்று நாங்கள் நினைத்ததை, உறவை அறுத்துவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடம் அக்கா. தெரு முனை வரை வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"பால் காய்ச்சற அன்னைக்கு என்னையக் கூப்புடோணும். வாசல்ல நின்னு வாங்கன்னு ஒரு வார்த்தை. அதை எழுதுனா பேங்குல ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க மச்சான்."

"அப்பச் சரி, பொய்யே எழுதறேன்."

அன்று சாயங்காலமே கையெழுத்து வந்துவிட்டது. பதிவும் முடிந்தது. அவரை அழைத்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டு, நேற்று பெரியம்மா கேட்டாள், "எந்த முறையிலடி கூப்புட்டீக?" நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள், "மாப்பிள்ளையை மாப்பிள்ளை முறையிலதான் கூப்புடுவாக. வேற எப்படிக் கூப்புடுவாக?" அதைச் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஆசையை மடித்து வைத்துவிட்டாளா, ஒளித்து வைத்திருக்கிறாளா, தெரியவில்லை.

மச்சான் இன்று சாயங்காலம் வருகிறார். என் பயம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. புதுத் தெருவில் யாருக்கும் எங்களைத் தெரியாது. யார் வந்தது, யார் என்ன உறவு என்று நாளைக்கே கேட்பார்கள். என்றாவது ஒருநாள் அவர் இன்னொரு பெண்ணோடு வரக்கூடும், வரவும் வேண்டும். அவளையும் அதே வாசலில் நின்று வாங்க என்று அழைக்க எனக்கு மனம் வருமா? அவள் கண்ணுக்கு இந்த வீடு யாருடையதாகத் தெரியும்?

மத்தியானம் தனியாகப் புது வீட்டுக்குப் போனேன். அவர் வந்தால் நீ கதவுக்குப் பின்னாலிருந்து "வந்தாச்சா?" என்று கேட்பாயே, அதை வாசலில் நின்று சொல்லிப் பார்த்தேன். அது உன்னுடையது, என் வாயில் நிற்கவில்லை. "வாங்க மச்சான்" என்றேன். வெறும் வீட்டில் அது சத்தமாகக் கேட்டது. இன்னொரு முறை மெதுவாகச் சொன்னேன்.

உள்ளே போய், எதையும் பார்க்குமுன் குழாயைத் திருகினேன். இருமியது. செந்நிறமாய் இரண்டு சொட்டு சிந்திவிட்டு மறுபடி இருமியது. முன்போல நான் ஓடவில்லை. கையைக் குழாயின் மேல் வைத்தபடியே நின்றேன், அக்கா.