அறிவியல் பாடத்துக்காகக் கடைசிச் சண்டை

காரெட்,

பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது. பன்றிகளுக்குத் தீனி வைத்துவிட்டேன்.

உன் மகள் வில்லாவின் கன்னத்தில் ஐந்து தையல். பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர எந்த அறிவியல் பாடத் தொகுப்பு வாங்குவது என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டோம். செய்து பார்த்துப் படிக்கட்டும் என்று மைக்ராஸ்கோப்போடு வரும் தொகுப்பை வாங்கினேன். "குளத்துத் தண்ணிய உத்துப் பாக்குறதுக்குப் பேரு படிப்பாடி?" என்று கத்தி, மைக்ராஸ்கோப்பைச் சுவரில் அடித்தாய். கண்ணாடி தெறித்து அவள் முகத்தைக் கிழித்தது. ஒரு விரல் தள்ளிப் பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

டாக்டர் கேட்டபோது நான் வாய் திறக்கும் முன்பே அவள், "மாடிப்படில விழுந்துட்டேன்" என்றாள். பத்து வயது, காரெட். அந்தப் பொய்யை நான் சொல்லித்தரவில்லை. நடந்ததை நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

நான்கு மணிக்கு ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போலீஸ்காரர் வருவார். கதவைத் திற. கையில் துப்பாக்கி வேண்டாம்.

பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். கொட்டகைச் சாவி கொக்கியில்.

கோரின்

சுவரோரம் செருப்பில்லாமல் நடக்காதே. சில்லுகளை இன்னும் பெருக்கவில்லை.

காரிலிருந்து வில்லா கேட்கிறாள்: "அப்பா கையிலயும் ரத்தம் வந்துச்சே, அவரு யாருகிட்ட காட்டுவாரு?"