காணிக்கைப் பையில் வெறுங்கை

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.9.88

என் மகள் அருள்செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். எட்டாம் வகுப்போடு நின்றவன் டீச்சருக்கே கடிதம் எழுதுகிறேன். பரீட்சைத் தாள் என்று நினைத்துச் சிவப்பு மையால் திருத்திவிடாதே.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில், கோயிலில் நாம் காணிக்கையாகப் படைத்த பூசணிக்காயை நானே வீறாப்பில் கேட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன் அல்லவா? அதையே தினமும் குழம்பு வைத்து அம்மா என்னைத் தண்டிக்கிறாள்.

சிரிப்பதற்காக எழுதவில்லை, தாயி. அன்று பெண்கள் பக்கம் காணிக்கைப் பை பிடித்தது நான். நீ மூடிய கையை உள்ளே விட்டு விரித்தாய். ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பை பிடித்தவனுக்குத் தெரியும்.

வெளியே வந்ததும், டீச்சருக்கு இன்னும் சம்பளம் போடலையா என்று கேலி பேசினேன். அவ சம்பளம் எங்கிட்டத்தானே மாமா இருக்கு, கேட்டா குடுக்கப்போறேன் என்று மாப்பிள்ளை சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

சம்பள நாளில் அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதை, பெண்டாட்டி மேல் எம்புட்டுப் பிரியம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தலைவலி மாத்திரைக்கு நீ அம்மாவிடம் சில்லறை கேட்டதும், பக்கத்தில் இருக்கிற ராஜபாளையத்திலிருந்து பண்டிகைக்கு முன்னால் மாதக்கணக்கில் பஸ் ஏறி வராமலே இருந்ததும் இப்போதுதான் உறைக்கிறது. இது சிக்கனம் இல்லை. நீ பாடுபட்டதை உன்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொள்வது. உன் பேரில் ஒரு தப்பும் இல்லை.

என்னிடம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று என்பாள் அம்மா. நியாயம்தான். அதனால் உன்னோடு வேலை பார்க்கும் ஏசம்மாள் டீச்சரிடம் சொல். வீட்டுக்கு எழுதினால் உனக்கு முன்னால் மாப்பிள்ளை படித்துவிடுகிறார். ஆகவே தினமும் இங்கிருந்து பஸ் ஏறி அங்கே வரும் அவர்கள் கையிலேயே இதைக் கொடுக்கப்போகிறேன். ஒட்டிய கவரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அவர்களிடம் மனசு விட்டு அழு. பொறவு என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமாக யோசியுங்கள். நீ கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வாரேன். கூப்பிடாமல் வந்து சத்தம் போட மாட்டேன்.

படித்ததும் கிழித்துவிடு. அடுத்த முறை பை உன் முன்னால் வரும்போது வெறுங்கையை மூடாதே, தாயி. விரித்தே வை. பிடித்திருப்பது அப்பாதான்.

ஆண்டவர் உன் கூடவே இருப்பாராக.

உன் அப்பா,
ஜெபதுரை