ஆனைமலை வயலில் இறங்கிய விமானம்

இன்று காலை கடைவீதியிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைக்கு முன்னால் என் கால்கள் தானாக நின்றுவிட்டன. வால்பாறைக்குப் போகும் பஸ் ஒன்றுக்கு நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கனிந்த வாழைப்பழத்தையும் ஸ்பிரிட்டையும் சேர்த்துப் பிசைந்ததுபோல ஒரு வாசம். உங்கள் விமானத்தின் இறக்கைத் துணி விறைத்து நிற்பதற்காக நீங்கள் பூசுவீர்களே, அந்த வார்னீஷின் வாசம். நீங்கள் போன பிறகு அது என் மூக்கில் ஏறியது இதுதான் முதல் தடவை. கூட வந்த உங்கள் அண்ணி, "ஏன் அம்மணி, தலை கிலை சுத்துதா?" என்று கேட்டார்கள். இல்லையென்று சொல்லி நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பின்னும் அந்த வாசம் சேலையிலேயே இருப்பதுபோல இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விமானப் பேச்சை நீங்கள் முதலில் எடுத்தது உங்கள் அண்ணனிடம். அவரும் நீங்களும் சேர்ந்து நடத்திய பருத்தி அரவை பாக்டரிக்கு அது எவ்வளவு உதவும் என்று விளக்கினீர்கள். மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம், விலை ஏறி இறங்குவதற்குள் கையோடு பேச்சை முடித்துவிடலாம் என்றீர்கள். வால்பாறையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்புவதால் தன் விமானத்தை விற்கிறார் என்றும், புதிதாக வாங்குவதில் பாதி விலை கூட இல்லை என்றும் சொன்னீர்கள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் நான் கேட்டேன். "ஏனுங்க, நெசமாவே யாவாரத்துக்குத்தானுங்களா?"

நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "அது அண்ணனுக்குச் சொன்னது. உங்கிட்ட நெசத்தைச் சொல்லிப்போடறேன் அம்மணி. எனக்கு மேல போகோணும். அவ்வளவுதான்" என்றீர்கள்.

மெட்ராஸில் நீங்கள் பறக்கப் பழகி லைசென்ஸ் வாங்கி வந்திருந்ததே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பருத்தி விஷயமாகப் போகிறேன் என்று சொல்லிப் போன பயணங்களெல்லாம் அதற்குத்தான்.

பாங்குக்காரர்கள் கை விரித்துவிட்டார்கள். மானேஜர் சொன்னதை வந்து எனக்கு நடித்தே காட்டினீர்கள். "ஊட்டை அடமானம் வெச்சா ஊடு அங்கயே நிக்குமுங்க. இது நிக்குமுங்களா?" நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கடைசியில் ராஜவீதியில் வட்டிக்குக் கொடுத்து வாங்கும் பெரியவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் வைத்த நிபந்தனை இரண்டு. விமானத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்து, ஏதாவது ஆனால் வரும் பணம் முதலில் தன் கைக்கு வரும்படி எழுதித் தரவேண்டும். அதற்கும் மேலே நிலம் ஒன்றை ஈடாக வைக்கவேண்டும். பாக்டரி இருவருக்கும் பொது. உங்கள் பங்குக்கு வந்த விவசாயக் காட்டில் கிணறு வற்றிக் கிடந்தது. மிச்சமிருந்தது ஆனைமலையில் ஆழியாற்று வாய்க்கால் பாயும் என் வயல். அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது.

"நீ வேண்டாம்னு சொன்னா உட்டுர்றேன்" என்றீர்கள்.

மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேன். கெஞ்சியிருந்தாலும் மறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஊரில் எல்லோருக்கும் ஒரு காரணமும் எனக்கு மட்டும் உண்மைக் காரணமும் சொன்ன ஆளிடம் எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் போய்ச் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். "உனக்குக் குடுத்தது. நீயே ஒப்புக்கிட்டா நானென்னத்தச் சொல்றது" என்றார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை. உங்களோடு பேசவும் இல்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்டு மெட்ராஸிலிருந்து வந்த நாள் நினைவிருக்கிறதா? கோட்டுக்குள்ளே வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீங்கள் புதியவர் என்பதால் கட்டணம் கூடுதல் என்றார். நஷ்டம் வந்தால் முதல் பங்கு உங்கள் தலையில்தான் என்றார். பிறகு நிபந்தனைகளைப் படித்துப் பொருள் சொன்னார். நீங்கள் மட்டுமே ஓட்டவேண்டும், கூட ஆள் ஏற்றக்கூடாது. அவிநாசி ரோட்டில் நீங்கள் சமப்படுத்திய மைதானம் போல, கம்பெனி ஒப்புக்கொண்ட இடங்களில் மட்டும்தான் இறங்கவேண்டும். நடுவானில் எஞ்சின் நின்று, வேறு வழியில்லாமல் எங்காவது இறங்கினால் அதற்கு விலக்கு உண்டு.

நான் நிலைப்படி ஓரம் நின்று கேட்டேன். "ஓட்டறவருக்கு எதாவது ஆச்சுன்னா என்னங்க குடுப்பீங்க?"

அவர் உங்களைப் பார்த்துவிட்டு, "இது மெஷினுக்குங்க அம்மா. பறக்கிறவங்களுக்கு ஆயுள் பாலிசி தர எங்க கம்பெனி ஒத்துக்கிறதில்லீங்க" என்றார்.

"அப்பிடிப் பாத்தா எனக்கு விலையே இல்லை" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து மைதானத்துப் பக்கம் விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். சத்தம் அடங்கி, நீங்கள் வந்து கால் கழுவும் ஓசை கேட்ட பின்புதான் அது மறுபடி நடக்கும். ஒருநாளாவது நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் முகம் மட்டும் அந்த நாட்களில் இருந்ததுபோல முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அந்த மாசி மாதம் நான் அப்பாவைப் பார்க்க ஆனைமலைக்குப் போயிருந்தேன். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. அது ஈட்டில் இருந்தாலும் அப்பாதான் உழுது பயிர் செய்துவந்தார். வரப்போரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது வடக்கே பொள்ளாச்சிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீங்கள் வருவதாக எனக்குச் சொல்லவில்லை. தலைக்கு மேலே வட்டமிட்டீர்கள். தாழ்ந்து வந்தபோது உங்கள் தோல் குல்லாய் கூடத் தெரிந்தது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே பார்த்து வீசினார். மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, நீங்கள் இறங்கினீர்கள்.

சக்கரம் தரையைத் தொட்டது நன்றாகத்தான் தொட்டது. கொஞ்ச தூரம் ஓடியும் வந்தது. அறுத்த நெல்லின் தாளுக்குள் மறைந்திருந்த கிளை வாய்க்கால் மேலேயிருந்து உங்களுக்குத் தெரியவில்லை. விமானம் மூக்குக் குப்புற நட்டுக்கொண்டது, ஒரு பக்கத்து இறக்கை முறம்போல மடங்கியது. பெட்ரோல் நாற்றம் வயல் முழுக்கப் பரவியது. நான் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. ஓடியது அப்பாதான். இருக்கை வாரை அறுத்து உங்களை வெளியே இழுத்து, மடியில் சாய்த்துக்கொண்டு, "மாப்பிள்ளை, எங்க வலிக்குதுங்க?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அவர் உங்களிடம் பேசிய முதல் பேச்சு அது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் தோள்பட்டைக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது என்னிடம் சொன்னீர்கள். "மாமா துண்டை வீசிக் கூப்பிட்டாரு அம்மணி. அவரே கூப்படறப்ப எப்பிடி எறங்காமப் போறது?"

அப்பா வராந்தாவில் நின்றிருந்தார். வெளியே வந்த என்னிடம், "போயிருங்கன்னுதான் வீசுனேன்" என்றார். அதை நான் உங்களுக்குச் சொன்னதேயில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பிறகு அண்ணன் வந்தார். ஏஜெண்டும் வந்தார். நீங்கள் இறங்கியது கம்பெனி ஒப்புக்கொள்ளாத இடம், அதனால் பணம் வராது. ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடும் என்று ஏஜெண்டே தணிந்த குரலில் சொன்னார். "ஊர்ல ஒருத்தரும் மாத்திப் பேச மாட்டாங்க" என்றார் அண்ணன். நாளைக்குப் பேசலாம் என்று இருவரையும் அனுப்பிவிட்டீர்கள்.

அவர்கள் போனபின் நானும் கேட்டேன். "எஞ்சின் நின்னுபோச்சுன்னு சொல்லீருங்க. வயலு போயிருமுங்க."

"எஞ்சின் நின்னுச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு கேப்பாங்க. தேவசகாயத்தைக் கேப்பாங்க."

தேவசகாயம் உங்கள் மெக்கானிக். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஏறும் முன் எஞ்சினைப் பார்த்து, சரியென்று கையெழுத்துப் போடுகிறவர். பழுதென்று ஆகிவிட்டால் அவர் லைசென்ஸ் போய்விடும். அதற்குப் பிறகு விமானத்தை மட்டுமல்ல, காரைக்கூட அவரை நம்பி யாரும் விடமாட்டார்கள்.

"அவருக்கு நாம வேற வேலை போட்டுக் குடுத்தர்லாங்க" என்றேன். அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. அந்த வயலை நீங்கள் மேலேயிருந்து பார்த்தவர். நான் அதன் சேற்றில் நடந்து வளர்ந்தவள்.

மறுநாள் தேவசகாயமே வந்தார். கட்டிலருகே நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "எஞ்சின் நல்லாத்தானுங்களே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுது" என்றீர்கள்.

கம்பெனி அனுப்பிய அதிகாரி வந்தபோதும் அதையே சொன்னீர்கள். எதற்காக இறங்கினீர்கள் என்று அவர் கேட்டார். "எங்க மாமனாரப் பாக்கறதுக்குங்க" என்றீர்கள். அவர் பேனாவை நிறுத்தி, இன்னொரு தரம் யோசித்துச் சொல்லும்படி உங்களுக்கு இடம் கொடுத்தார். நீங்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

பணம் வரவில்லை. ராஜவீதிப் பெரியவர் நல்லவர்தான், ஆனாலும் நல்லவர்களும் கொடுத்ததைக் கேட்பார்கள். உடைந்த விமானம் எஞ்சின் விலைக்குப் போனது. மீதிக்கு வயல் போனது. வாங்கியவர்கள் அடுத்த நடவுக்கே வாய்க்காலை மாற்றி வெட்டினார்கள். அப்பா வயலோரப் பாதையை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்.

அந்த வருஷம் முழுவதும் நான் உங்களுக்குச் சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன், தோளுக்கு எண்ணெய் தேய்த்தேன். தேவைக்கு மேலே ஒரு சொல் பேசவில்லை. உங்கள் நேர்மையை ஊரே புகழ்ந்தது. புகழ் உங்களுக்கு, வயல் என்னுடையது என்று எனக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். நீங்கள் அதை அறிவீர்கள். சமாதானம் சொல்ல ஒருமுறையும் முயலவில்லை. பாக்டரிக்குப் போனீர்கள், வந்தீர்கள். வானத்தில் எங்காவது சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவீர்கள். ஒருமுறை பின்னாலேயே வந்து பார்த்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தீர்கள். அப்படியே அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

ஆகாயத்தைப் பார்த்தே நான் பயந்து கிடந்தேன். உங்களைக் கொண்டுபோனது விஷக் காய்ச்சல். நம் வீட்டுக் கட்டிலில், தண்ணீர் இறங்காத தொண்டையோடு, மெலிந்து மெலிந்து போனீர்கள். டாக்டர் வந்துவிட்டுப் போன ஒரு பகல் வேளையில் நினைவு தெளிந்து என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னும் கோவந்தானா அம்மணி?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்த அண்ணி அப்படிச் சொல்லும்படி கண்ணைக் காட்டினார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். "செரி. எங்கிட்ட நெசத்தை அப்பிடியே சொல்லு" என்றீர்கள். பிறகு கையை நீட்டினீர்கள். நான் பிடித்துக்கொண்டேன். அண்ணி எழுந்து வெளியே போனார்கள். வெயில் சாயும்வரை நீங்களும் கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தக் கோபம் ஆறிவிட்டதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆறவில்லைங்க. அது ஆறினால் உங்களோடு பேச எனக்கு என்ன மிச்சம் என்று சில நாள் பயமாகக்கூட இருக்கிறது.