தேவையே இல்லாத தெருவும் அளவுக்கு மீறிய வீடும்

அனுப்புநர்:
குடும்பத் தலைவி,
மேட்டுக்கு ஏறும் தெருவின் கடைசி மாடி வீடு.
(தெருமுனையில் "மொட்டைமாடி அக்கா வீடு எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும்.)

பெறுநர்:
உயர்திரு வட்டார அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பு அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவில் கம்பியில்லா இணையத்துக்குத் தேவையே இல்லை என்று ஒரு கடிதமும், அதே தெருவில் என் வீட்டில் இணையம் அளவுக்கு மீறிச் செலவாகிறது என்று மற்றொரு கடிதமும் ஒரே நிறுவனம் அனுப்பியிருப்பது – இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து நியாயம் வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி நிறுவனத்தின் விரிவாக்கப் பிரிவுக் கடிதம்.
2. அதே நிறுவனத்தின் கண்காணிப்புப் பிரிவு அறிவிப்பு.
(இரண்டும் ஒரே நாளில், ஒரே தபால்காரர் கையால் வந்தவை.)

மதிப்பிற்குரிய ஐயா (அந்த நாற்காலியில் அம்மையார் அமர்ந்திருந்தால் அவர்களுக்கும் இதே வணக்கம்),

1. நான் ஓர் இல்லத்தரசி. என் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மீதியை என் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை அவர்கள் தூங்கிய பிறகு எடுத்துப் படித்துத் தேற்றிக்கொண்டேன். விடிந்ததும் பிரார்த்தனை, படுக்கும் முன் வீட்டுக் கணக்கு, இரண்டும் தவறியதில்லை. கடவுளுக்குப் பயந்து கணக்கு எழுதுகிறவள் என்பதால் இம்மனுவில் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று தாங்கள் நம்பலாம். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் தெரு பாறை மேட்டில் இருக்கிறது. முன்பு கம்பி இழுத்து இணையம் கொடுக்க வந்தவர்கள் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார்கள், எங்கள் வீட்டில் டீ குடித்தார்கள், போனார்கள். அதோடு சரி. பிறகு, கம்பியே வேண்டாம், காற்றிலேயே வரும் என்று சிம் போடுகிற இணையப் பெட்டி கடைகளுக்கு வந்தது. பேருந்து ஓட்டுநரான என் வீட்டுக்காரர் அதில் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். விளக்கு எரிந்தது, இணையம் வரவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து துணி அலமாரியின் தலைக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கடைசியில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்ததும் சிக்னல் கோடுகள் எல்லாம் மின்னின. எதிர்க் குன்றில் நிற்கும் டவர் அங்கிருந்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. "பெட்டிக்கும் காத்து வாங்க ஆசை போல" என்றார் அவர். அன்று முதல் அது அங்கேயே குடியிருக்கிறது. மழை பெய்தால் அவருடைய பழைய மழைக்கோட்டைப் போர்த்திவிடுவேன்.

3. முதலில் ஏறி வந்தவள் எதிர்வீட்டில் தையல் தைக்கும் தங்கச்சி. "அக்கா, அஞ்சே நிமிஷம். கஸ்டமருக்கு ஒரு போட்டோ அனுப்பணும். என் வீட்டுல அது சுத்திக்கிட்டே இருக்கு, நான்தான் மயங்கி விழணும்" என்றாள். கடவுச்சொல்லைச் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். தெரு முழுக்க அவரை ரேடியோ என்றுதான் சொல்வோம். அவர் பேசினால் மகளின் மாமியாருக்கு என்ன வியாதி என்பது வரை கீழ்த் தெருவுக்கும் தெரிந்துவிடும். "இந்தக் குரலுக்கு டவர் எதுக்கு? சும்மா கூப்பிட்டாலே பொண்ணுக்குக் கேட்டிருக்குமே" என்று என் வீட்டுக்காரர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் என் நாத்தனார், விட்டுப்போன பட்டப்படிப்பை இப்போது இணைய வகுப்பில் முடிக்கிறவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏன் அண்ணி, ஊருக்கே சத்திரம் திறந்துட்டு, சொந்த நாத்தனாருக்கு மட்டும் சாவி இல்லையா?" என்றாள். அவளுக்கும் சொன்னேன். இப்படியே தெரு முழுவதும் வந்தது. மாலையில் துணிக்கொடியில் சட்டைகளைத் தொங்கவிட்டுத் தங்கச்சி வீடியோவில் வியாபாரம் பேசுவாள். கைப்பிடிச் சுவர் ஓரம் ரேடியோ. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு பாடம் கேட்பாள். நடுவில் நான் வடகிழக்கு மூலையில் என் பிரார்த்தனைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். சத்தம் அதிகந்தான். ஆனால் இத்தனை பேரின் நல்ல செய்தி நடுவில் உட்கார்ந்து பிரார்த்திப்பதைக் கடவுள் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

4. நிலைமை இவ்வாறிருக்க, பார்வை ஒன்றில் கண்ட கடிதம் வந்தது. அதன் சாரம்: எங்கள் தெருவில் ஆய்வு நடத்தப்பட்டது. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் இணைப்புதான் உள்ளது. மற்ற வீட்டார் "இல்லை" என்றும் "தேவையில்லை" என்றும் பதில் சொல்லியிருக்கிறார்கள். சந்தை வாய்ப்பு "மிகக் குறைவு". ஆகவே தெரு உச்சியில் நகராட்சித் தண்ணீர்த் தொட்டி மேல் அமைப்பதாக இருந்த புதிய டவர் வேறு பகுதிக்கு மாற்றப்படுகிறது. தெருவின் ஒரே வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்குத் தகவல். அதைப் படித்து முடித்த கையோடு பார்வை இரண்டைப் பிரித்தேன். அதன் சாரம்: என் இணைப்பில் ஒரு குடும்பம் கனவிலும் செலவழிக்க முடியாத அளவுக்கு டேட்டா போகிறது. நான் இணையத்தைச் சில்லறையாக விற்கிறேனோ என்று சந்தேகம். யார் யார், எப்போது, எவ்வளவு பணம் கொடுத்துப் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியலை வரும் புதன்கிழமைக்குள் தராவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்.

5. இரண்டையும் ரேடியோ அவர்களிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "என் சர்வீஸ்ல எத்தனையோ கடுதாசி கொடுத்திருக்கேம்மா. ஒரே வீட்டுப் படியில ரெண்டு கடுதாசி ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்கறதை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். யாருமே குடிக்காத தெருவில் குடம் குடமாகத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு பிரிவு தேடுகிறது. இன்னொரு பிரிவு, தாகமே இல்லை என்று குழாயைப் பிடுங்குகிறது. இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த மாடியில் இருப்பதாக உறையின் மேல் அச்சிட்டிருக்கிறது.

6. ஆய்வு எப்படி நடந்தது என்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கணக்கெடுக்க வந்த தம்பி நல்ல பிள்ளை. உச்சி வெயிலில் வந்தான். வீடு வீடாக "உங்க வீட்டுல நெட் இருக்கா?" என்று கேட்டான். தங்கச்சி, "இல்லப்பா, அக்கா வீட்டு மாடியில இருக்கு" என்றாள். அவன் "இல்லை" என்று குறித்துக்கொண்டான். ரேடியோ, "எனக்கெதுக்குத் தனியா? அதான் மொட்டைமாடி இருக்கே" என்றார். "தேவையில்லை" என்று குறித்துக்கொண்டான். அவன் கேள்விக்கு அவர்கள் சொன்னது பொய்யல்ல. அவன் எழுதியதும் பொய்யல்ல. எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் இருப்பதை எல்லோர் வீட்டிலும் இருப்பதாகவே பேசிப் பழகிவிட்டோம். அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

7. இதில் நான் சிரித்துவிட்ட இடம் ஒன்று உண்டு. மறைப்பது நியாயமல்ல. எல்லா வீட்டையும் முடித்த பிறகு, குறித்ததை அனுப்புவதற்கு அந்தத் தம்பி கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தான். போகவில்லை. "மேல ஏறு ராசா" என்று நாத்தனார்தான் வழி காட்டினாள். மாடிக்கு வந்தான், தண்ணீர் குடித்தான், கடவுச்சொல் கேட்டான், ஒரு நொடியில் அனுப்பினான். "ரொம்ப தேங்ஸ்மா. இங்க செமயா கிடைக்குது!" என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஆக, இந்தத் தெருவில் இணையம் யாருக்கும் தேவையில்லை என்ற அறிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததே என் மாடி வழியாகத்தான். அதில் செலவான டேட்டாவும் நான் அளவுக்கு மீறிச் செலவழித்த கணக்கில்தான் ஏறியிருக்கும். இதற்காக அந்தத் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுத்த கேள்வியைக் கேட்டான், அவ்வளவுதான்.

8. இனி, என்னிடம் கேட்கப்பட்ட பட்டியலைப் பற்றி. என்னால் அதைத் தர இயலாது. வாங்கினதை ஒன்று விடாமல் எழுதுவேன். பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய ஒரு தீப்பெட்டி கூட என் கணக்கில் இருக்கும். கொடுத்ததை எழுதும் பழக்கம் இல்லை. எழுதி வைத்தால் அது கொடுத்தது ஆகாது, கடன் ஆகிவிடும் என்பது நான் கடவுளிடம் கற்றுக்கொண்டது. ஒருவரிடமும் ஒரு காசும் வாங்கவில்லை. அப்படிப் பகிர்ந்துகொண்டது நிறுவனத்தின் விதிப்படி தவறென்றால், விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் பிழை. உரிய அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். ஆனால் விற்றேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அது ஒன்றைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

9. சந்தை வாய்ப்பு என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். வியாபாரம் எனக்குத் தெரியாது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதோடு என் ஞானம் முடிந்தது. ஆனாலும் தோன்றியதைச் சொல்கிறேன். முழங்கால் வலியோடு இத்தனை படி ஏறி, வெயிலில் நின்று, ரேடியோவின் குரலையும் பொறுத்துக்கொண்டு ஒரு பொருளைத் தேடி வருகிறவர்கள், அது வீட்டுக்குள்ளேயே கிடைத்தால் காசு கொடுத்து வாங்க மாட்டார்களா? இதை ஊகமாக விடாமல் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். டவர் வந்தால் சொந்தமாக இணைப்பு வாங்குவேன் என்று ஏறத்தாழ எல்லா வீட்டாரும் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இணைத்துள்ளேன். ரேடியோ வீட்டில் மட்டும் இரண்டு இணைப்பு கேட்டிருக்கிறார்கள். "அவர் பேசற அறையில எனக்கு வேலை இல்ல" என்று அவர் மனைவி தனியாக எழுதியிருக்கிறார். ஒரேயொரு வீட்டார் மாட்டேன் என்றார்கள். அதையும் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

10. இத்தனைக்கும் மேல் அவசரம் ஒன்று இருப்பதால்தான் இம்மனு. தையல் தங்கச்சிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சீருடைகள் தைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. தைத்த மாதிரிகளை வரும் வியாழன் மாலை வீடியோவில் பார்த்து, பிடித்தால் ஆண்டு முழுவதற்கும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்துப் பட்டி, பை, மடிப்பு என்று அருகில் காட்டச் சொல்வார்களாம். படம் நின்று நின்று ஓடினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். கிடைத்தால் தெருவிலேயே இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்வாள். இணைப்பு புதன்கிழமை துண்டிக்கப்பட்டால் வியாழன் மாலை அவளுக்கு இருட்டுதான். அதற்குப் பயந்து கடைத்தெருவில் ஓர் அறை வாடகைக்குப் பார்த்து வந்திருக்கிறாள். "வர்ற காசு வாடகைக்கே சரியாப் போயிடும் அக்கா. ஆனா அங்க கோடு முழுசா இருக்கு" என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள்.

11. என் வீட்டுக்காரர் நேற்று ஒரு கேள்வி கேட்டார்: "டவர் வந்துட்டா உன் மாடிக்கு எவ வருவா, எவன் வருவான்? யோசிச்சியா?" யோசித்தேன். துணி காயப் போட இடம் கிடைக்கும் என்று சொன்னேன். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது முழுப் பதில் இல்லை. இருந்தாலும் மனுவை மாற்றி எழுதவில்லை.

12. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,
(அ) பார்வை ஒன்றையும் இரண்டையும் எழுதிய இரு பிரிவாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்கச் செய்யுமாறும்,
(ஆ) புதன்கிழமை துண்டிப்பை நிறுத்தி வைக்குமாறும் – இந்த ஒன்றை மட்டும் உடனே –
(இ) "உங்கள் வீட்டில் இருக்கிறதா?" என்பதோடு "எங்கே போய்ப் பயன்படுத்துகிறீர்கள்?" என்றும் கேட்டு மறு ஆய்வு நடத்தி, அதுவரை டவரை வேறிடம் மாற்றாதிருக்க ஆவன செய்யுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

என் வார்த்தையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. வியாழன் மாலை தாங்களே நேரில் வாருங்கள். படிவம், கேள்வி எதுவும் வேண்டாம். மாடிப் படிக்கட்டின் அடியில் கழற்றிவிட்ட செருப்புகளை எண்ணினால் போதும், நிறுவனம் தேடுகிற வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஜோடி ஜோடியாகக் கிடைப்பார்கள். சுவரோரம் தங்கள் செருப்புக்கும் இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: மேற்படி வீட்டு மொட்டை மாடி

தங்கள் நல்ல பதிலை நோக்கியிருக்கும்,
(கையொப்பம்)
தெருவின் ஒரே வாடிக்கையாளர்

இணைப்பு: இரு கடிதங்களின் நகல், தெருவார் கைப்பட எழுதிய விருப்பக் கடிதங்கள், மாட்டேன் என்ற ஒன்று உட்பட.