குடைப் பாட்டு

1982 யூன் 7, திங்கள்

மழை. காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். ரப்பர் மரம் நனைந்து கிடந்தால் பால் வெட்டக் கத்தி வைக்க முடியாது. கங்காணி எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். எனக்கு வீட்டுக்கு வரத்தான் பிடிக்கவில்லை.

இது என் மகள் சீதாவுடைய டயரி. இங்கிலீஷ் வருசப் பிறப்புக்கு நிலாம் நாநா கடையில் அவளுக்குக் கொடுத்தது. பெப்ரவரியில் காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் எழுதியிருக்கிறாள். அதுக்குப் பிறகு வெறும் தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கோணிக்கோணி வரும். யாரு பார்க்கப்போறா. அவ அப்பா போய்ப் பன்னிரண்டு வருசமாச்சு. இப்ப அவளும் இல்லை. பேச ஆளில்லாமல் எழுதுகிறேன்.

யூன் 9

எங்க லய வரிசையில் பக்கத்து வீட்டுக் கருப்பாயி காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். அவ வாசலைத் தாண்டும்போது பட்டென்று நின்றுவிட்டது. தண்ணி எடுத்துத் திரும்பும்போதும் சத்தமில்லை. நான் கதவைச் சாத்தின பிறகு மறுபடி தொடங்கினது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ போர்வைக்குள்ளே பேசுகிற மாதிரி.

எல்லா வீட்டிலும் இப்படித்தான். என்னைக் கண்டால் சிரிக்கிறவ வாயை மூடுகிறா. பிள்ளைகளை அதட்டி உள்ளே கூப்பிடுகிறாங்க. சாவு விழுந்த வீடு என்று பயமா? நான் என்ன செய்தேன்?

யூன் 13, ஞாயிறு

ஓப்பநாயக்க பஜாருக்குச் சாமான் வாங்கப் போனேன். சீதாவுடைய ரேடியோ மேசைமேல் சும்மா கிடக்கிறது, பேட்டரி செத்துப்போச்சு. இன்றைக்கு ரெண்டு வாங்கிவிடுவோம் என்று நினைத்துத்தான் போனேன். நிலாம் நாநா, "வேற என்ன தங்கச்சி?" என்று கேட்டார். பக்கத்தில் நம்ம தோட்டத்து வெள்ளையம்மா நிற்கிறா. மகளை அனுப்பி வருசம் திரும்பவில்லை, அதுக்குள்ளே பாட்டுக் கேட்கப் பேட்டரி வாங்குறாளே என்று லயம் முழுக்கச் சொல்லிவிடுவா.

நெருப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கு.

யூன் 20

குடைப் பாட்டு வேணும். ஒரே ஒரு தரம் கேட்டால் போதும்.

நான் கல்யாணமாகி வந்த வருசம் ரேடியோவில் மேரி சரோஜா என்று ஒருத்தி அதைப் பாடுவா. அப்போது லயத்தில் யாருக்கும் ரேடியோ இல்லை. பெரிய கிளாக்கர் ஐயா பங்களாவில் ஜன்னலைத் திறந்து வைப்பாங்க, நாங்க பொம்பளைங்க வேலிக்கு இந்தப் பக்கம் பால் வாளியோடு நின்று கேட்போம். மழையிலே குடை பறந்துபோன ஒருத்தி, பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ ஒருத்தன் குடைக்குள்ளே போய் ஒதுங்குறா. அவ்வளவுதான் பாட்டு. ஆனா நடுவிலே வாத்தியம் எல்லாம் நிற்கும், மேரி சரோஜா ஒரு சிரிப்புச் சிரிப்பா பாருங்க — நாங்க வேலிக்கு வெளியே அதோடு சேர்ந்து சிரிப்போம். அவ முகம் கறுப்பா சிவப்பா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

சீதாவுக்கு அதைப் பாடித்தான் தலை சீவுவேன். அந்தப் பாட்டுத்தான் அவளுக்கு மேடை வாங்கிக் கொடுத்தது. பஜார்ப் புடவைக் கடைக்காரர் மகன் நடராஜா ஒரு ஷோ போடப்போறேன் என்று வந்தான். அந்தக் காலத்து ரேடியோப் பாடகிகள் அஞ்சு பேருடைய பாட்டை இந்தக் காலத்துப் பிள்ளைகள், அவங்களை மாதிரியே உடுத்திக்கொண்டு பாடணும். சித்திரை வருசப் பிறப்புக்கு என்று பேச்சு. தை மாசம் முழுக்க எங்க காம்பராவில்தான் பழகினாங்க. நடராஜா அக்கோடியன், ஹலீம் பொங்கோ. என் உலைமூடிகூட ஒரு வாத்தியம். இடமே இல்லாமல் நான் அடுப்படியில் ஒடுங்கிக்கொண்டு தேத்தண்ணி ஊத்துவேன்.

"அம்மா, சிரிக்கிற இடம் எனக்கு வரமாட்டேங்குது, நீங்க ஒருக்கா சிரிங்க" என்பா. சும்மா எப்படிடி சிரிக்கிறது என்று கேட்டு, அதுக்கே எனக்குச் சிரிப்பு வரும். "இதான், இதான்!" என்று கையைத் தட்டுவா.

பெப்ரவரியோடு எல்லாம் நின்றது. ஷோவும் நின்றுபோச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யூலை 2

இன்றைக்கு யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால் நிறுக்கிற இடத்தில்கூடக் கணக்கப்பிள்ளை வாளியைப் பார்த்தே எழுதிக்கொண்டார்.

ஓகஸ்ட் 1, ஞாயிறு

ஆடித் திருவிழா. நான் கோயிலுக்குப் போகவில்லை, போகக் கூடாது. படியில் உட்கார்ந்திருந்தால் பாட்டாவது காதில் விழும் என்று இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தேன். வருசா வருசம் நம்ம லயத்தைப் பார்த்துக் கட்டுகிற ஸ்பீக்கரை இந்தத் தரம் மேட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறாங்க.

எனக்காகத்தான். வேற யாருக்கு?

திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். சாமிக்குப் போடுற பாட்டைக்கூட என்கிட்ட இருந்து மறைக்கணுமா.

ஓகஸ்ட் 22, ஞாயிறு

சந்தையில் தேங்காய்க்காரி சுதுமெனிக்கே, சிங்களத்தில், "என்ன அக்கே, உங்க தோட்டத்துப் பொட்டப் பிள்ளைங்க எல்லாம் பாடுறாங்களாமே, நானும் டிக்கட் எடுத்துட்டேன்" என்றா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரைக் காட்டினா. கையால் எழுதின நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

அந்த நாள் குயில்கள். செப்டெம்பர் 18, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி, சங்கக்கடை மண்டபம். கீழே அஞ்சு பெயர். கடைசியாக, மேரி சரோஜாவாக — செல்வி க. பரிமளம்.

கருப்பாயி மகள் பரிமளம். சீதாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவ.

தேங்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சுதுமெனிக்கே கூப்பிடக் கூப்பிட வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 23

கேட்டே விட்டேன். கருப்பாயி வாசலில் போய் நின்றுகொண்டு, "எம்புள்ள பாட்ட எடுத்து ஒம்புள்ளைக்குக் குடுத்துட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?" என்று கத்தினேன். லயமே வெளியே வந்தது.

கருப்பாயி கையைப் பிசைந்தா. "எப்படி அண்ணி சொல்றது? ஒங்க மனசு நோவக்கூடாதுன்னுதான் மேல் டிவிசன்ல கைப்புள்ளைங்கள விடுற பிள்ளைக்காம்பராவுல போய்ப் பழகுதுங்க. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு மைல் நடந்து வருதுங்க. நாங்க ஒரு பாட்டு வச்சாலும் ஒங்களுக்கு சீதா நெனப்பு வரும்ல?"

"வரட்டுமே!" என்றேன். "அவ வராம வேற யாரு வரப்போறா எனக்கு?"

பயந்துபோய் ஒதுங்கினாங்க என்று இருந்தேனே. இவ்வளவு நாளும் ஊரே எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கு. அது தெரிந்த பிறகும் வீட்டுக்குள்ளே வந்தால் அதே அமைதிதான். என்ன செய்ய?

ஓகஸ்ட் 24

கருப்பாயி பலாக்கொட்டைக் கறி கொண்டுவந்து வைத்தா. போகும்போது திரும்பி, "ஒண்ணு கேக்கணும் அண்ணி, கோவிக்காதீங்க. அன்னிக்கு நீங்க மட்டும் வராதீங்க. ஒங்களக் கண்டா பரிமளத்துக்கு வாய் வராது. இப்பவே சிரிக்கிற எடம் வந்தா அழுதுர்றா" என்றா.

சரி என்றேன். நான் எங்கே போகப்போறேன், வருசம் திரும்பாதவ. ஆனா அவ வைத்துவிட்டுப் போன கறியைத் தொடவில்லை.

செப்டெம்பர் 5

சீதாவுடைய குடையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எம்பிலிப்பிட்டியவில் வாங்கின சிவப்புப் பூப்போட்ட குடை. இதைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுவா. அதிலே ஒரு கொளுவி சிக்கும். தொடையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் விரியும், அவ அந்தத் தட்டையும் தாளத்துக்குத் தட்டுவா. பரிமளத்துக்கும் தெரியும், எத்தனை தரம் பார்த்திருப்பா.

கொடுக்கிறதா வேண்டாமா? காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு.

செப்டெம்பர் 11

கொடுத்துவிட்டேன். பரிமளம் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அத்தை" என்றா.

செப்டெம்பர் 17

நாளைக்கு. நான் போகவில்லை.

செப்டெம்பர் 19, ஞாயிறு

போனேன்.

ரெண்டு மணிக்கெல்லாம் லயம் காலியாக இருந்தது. நாய்கூட இல்லை. அந்தக் காலியில் இருக்க முடியவில்லை. பழைய சேலையோடு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குறுக்குப் பாதையால் இறங்கிவிட்டேன். மண்டபத்து வாசலில் டிக்கட் கிழிக்கிறது ஹலீமுடைய அக்கா ஸபியா. என்னைக் கண்டதும் முகம் மாறினது. "நான் கதவோரம் நின்னுட்டுப் போயிர்றேன்மா, மேடைக்குத் தெரியாம" என்றேன். டிக்கட்டே கேட்காமல் தள்ளி நின்று வழி விட்டா.

உள்ளே என்ன சனம்! நடராஜா கோட்டுப் போட்டுக்கொண்டு பழைய ரேடியோ ஐயா மாதிரியே மூக்கால் பேசினான். ஒவ்வொரு பாடகிக்கும் ஒரு கதை சொல்லி, பெயரைச் சொன்னால் பிள்ளை வரும். ஜன்னல் சீலையில் கவுன் தைத்துப் போட்ட ஒருத்தி. இரட்டைச் சகோதரிகள் என்று ரெண்டு பேர், ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை — "தாயும் புள்ளையுமா?" என்று யாரோ கேட்க ஒரே சிரிப்பு. கோபுரம் மாதிரிக் கொண்டை போட்டவளுக்குக் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. ஆனா பாட்டுத் தொடங்கினதும் யாரும் சிரிக்கவில்லை. என் வயதுக்காரிகள் எல்லாம் சத்தமில்லாமல் வாயசைக்கிறாங்க. வேலிக்கு வெளியே நின்ற அதே வாய்கள். என் வாயும் அசைந்ததை ஒரு பாட்டு முடிந்த பிறகுதான் கண்டேன்.

பிறகு பரிமளம். மழைச் சத்தத்துக்கு ஹலீம் தகரத்தில் அரிசியைக் கொட்டினான். அவ குடையோடு வந்தா. நடையிலே கொஞ்சம் சீதா இருந்தா. நான் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

குடை விரியவில்லை. பயத்தில் தட்டை மறந்துபோனா. அக்கோடியன் முதல் அடியையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது, இவ மேடையில் குடையோடு மல்லுக்கு நிற்கிறா. பாட்டைப் பாடிக்கொண்டே காலால் மிதித்து இழுக்கிறா. சிரிக்கிற இடமும் வந்துவிட்டது. வாத்தியம் நின்றது. அந்த நேரம் பார்த்துக் குடை படாரென்று விரிந்து, அதே வேகத்தில் மறுபக்கம் திரும்பி அண்டா மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. நாலு கம்பி தெறித்தது. ஒன்று நடராஜா கோட்டுப் பையில் போய்க் குத்திக்கொண்டது.

பரிமளம் வாயைத் திறந்தபடி நிற்கிறா. சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்து வருவது கதவிலிருந்தே தெரியுது.

நான் சிரித்துவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. அந்த அண்டாவைக் கண்டு வந்துவிட்டது. ஏழு மாசம் அடைத்துக் கிடந்தது, கையால் வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. மேடையில் பரிமளமும் என்னைக் கண்டுவிட்டா. கருப்பாயி சொன்னதுபோல் அவ வாய் அடைத்துப்போகும் என்றுதான் நினைத்தேன். அவளோ என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரிக்கத் தொடங்கினா. ஹலீம் பொங்கோவைத் தட்டினான். மிச்சப் பாட்டை அந்த அண்டாக் குடையைத் தலையில் பிடித்துக்கொண்டே பாடி முடித்தா.

எனக்குச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. ஸபியா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தா.

முடிந்து வெளியே வரும்போது ஹலீம் ஓடி வந்தான். "அக்கா, மேடைக்கு நல்லா கேட்டிச்சு. அப்படியே சீதா சிரிப்பு."

அவ சிரிப்பு இல்லைப்பா. அவதான் என்கிட்ட இருந்து எடுத்தா. அவனிடம் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டெம்பர் 21

பீலியில் வெள்ளையம்மா, எனக்குக் கேட்கவே சொன்னா: "மக போயி வருசம் திரும்பல, கடவாய்ப் பல்லுத் தெரியச் சிரிக்கிறா."

சுருக்கென்று இருந்தது. வாளியை நிறைத்துக்கொண்டு, "மூணு பல்லுத்தான் இருக்கு, நல்லா எண்ணிப் பாத்துக்க" என்றேன். பக்கத்தில் இருந்தவங்க சிரித்துவிட்டாங்க. வெள்ளையம்மா என்னை ஏசினா. நானும் ஏசினேன். வீட்டுக்கு வரும்வரை ஏசிக்கொண்டே வந்தோம்.

ராத்திரி சீதா பாயை விரித்து அதில் படுத்து நல்லா அழுதேன். சிரித்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்படியே இருக்கு.

செப்டெம்பர் 26, ஞாயிறு

நிலாம் நாநா கடையில் பேட்டரி ரெண்டு. வெள்ளையம்மா இன்றைக்கும் பக்கத்தில்தான் நின்றா.

பின்னேரம் போட்டுப் பார்த்தேன். முதலில் கரகரவென்றது, பிறகு பிடித்துக்கொண்டது. குடைப் பாட்டு வரவில்லை. யாரோ புதுசா ஒருத்தி பாடினா, எனக்குத் தெரியாத பாட்டு. பரவாயில்லை. நல்லா சத்தமாக வைத்துவிட்டு அடுப்பை ஊதப் போனேன்.

சுவரில் டொக்கு டொக்கென்று தட்டு. கருப்பாயி. "ஐய அண்ணி! கொஞ்சம் கொறச்சு வைங்க, இங்க புள்ள தூங்குது!"

கொஞ்சம்தான் குறைத்தேன்.