குங்கிலியம் பூசிய விமானம்

ஜனவரி 14, 1973. ஞாயிறு

மழை விட்டது. வாடைக்காற்று விடவில்லை. மயிலிட்டி முழுக்கச் சீன வெடி. எங்கள் வீட்டில் மட்டும் பொங்கல் இல்லை.

"துடக்கு வீட்டிலை பானை வைக்கிறேல்லை." இது மாமா.

"ஆருக்குத் துடக்கு? ஆர் செத்தது?" இது நான்.

மாமனாரோடு வாய் காட்டுகிறவள் என்ற பெயர் இந்நேரம் பருத்தித்துறையில் என் பிறந்த வீடு வரை போயிருக்கும். போகட்டும். கார்த்திகைப் புயலில் கடலுக்குப் போனவர் என் புருசன். வள்ளத்தை நெடுந்தீவுப் பக்கம் கவிழ்ந்தபடி கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். ஆளைக் கண்டவர் எவருமில்லை. காணாத ஆளுக்கு எப்படித் துடக்குக் காப்பது?

மாமாவின் பேச்சு ஒன்றே ஒன்றுதான். தர்ப்பையில் உருவம் செய்து, கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிக்க வேண்டும். அதுவரை பவளத்தின் கலியாணம் நடவாது. பவளம் இவருடைய தங்கை. மாப்பிள்ளை வீட்டார் வைகாசியைத் தாண்டிப் பொறுக்க மாட்டார்களாம். பவளம் பாவம். ஆனால் உருவத்துக்குக் கொள்ளி வைத்தால் அன்றைக்கே என் தாலிக்கொடியும் கழன்றுவிடும். அதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

கோபத்தில் அறையைக் கூட்டினேன். கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி. இவருடைய ஜெட்.

ஜனவரி 16, செவ்வாய்

காலையில் பனி. கிணற்றடியில் சாரை.

பெட்டியைத் திறந்துவிட்டேன். ஹன்டர் என்று பெயர். சண்டை விமானம், துண்டு துண்டாக வருவதை ஒட்டிப் பூட்டுகிற பிளாஸ்டிக் பொம்மை. கப்பலில் வேலை செய்யும் சிநேகிதன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஆங்கிலத் தாளை நான் வாசிப்பேன், இவர் பூட்டுவார். "பத்தாம் நம்பரைப் பதினொண்டோடை ஒட்டு" என்று நான் சொன்னால், "ஓம் ரீச்சர்" என்பார்.

கடலில் நின்றபோது பலாலி விமானத்தளப் பக்கமிருந்து இப்படி ஒன்று மேலால் போனதாம். "முதல்லை நிழல் தண்ணியிலை ஓடிச்சுது. அது போய் முடிஞ்ச பிறகுதான் சத்தம் வந்தது." இந்தக் கதையை எனக்கு எத்தனை தரம் சொன்னார்! அன்றிலிருந்து அந்தப் பைத்தியம். முப்பது வயது ஆண்பிள்ளைக்கு.

முடிந்தது: உடம்பின் இரு பாதிகள், உள்ளே விமானி, கண்ணாடி மூடி (கொஞ்சம் கோணல்).

முடியாதது:
இறக்கை 2
வால் இறக்கை 2
சில்லு 3, கால்கள்
குண்டு 2
பெயின்ற் முழுக்க

வாலடியில் பசை வழிந்த இடத்தில் இவருடைய பெருவிரல் ரேகை. நன்றாகப் பதிந்திருக்கிறது. அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் சின்னது.

"வந்து இறக்கை பூட்டுவம்." அன்றைக்குப் போகும்போது சொன்னது.

ஜனவரி 18, வியாழன்

பசை ரியூப் கல்லாகிவிட்டது. வாயை வெட்டி, அடியில் மிச்சமிருந்ததை ஊசியால் தோண்டி எடுத்தேன். இடது இறக்கைக்கு மட்டும் போதுமாயிருந்தது. பூட்டிவிட்டேன். அவருடைய வேலையை நான் செய்தது பிடிக்குமா தெரியவில்லை. வந்து ஏசட்டும். ஏசினால் போதும்.

மாமா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "உது என்ன, சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டு" என்றுவிட்டுப் போனார். போகும்போது துப்பினார்.

ஒற்றை இறக்கையோடு மேசையில் சரிந்து கிடக்கிறது.

ஜனவரி 20, சனி

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மத்தியானம் சங்கக்கடைக்குப் போய்வந்தேன். மா வரவில்லை, சீனி கொஞ்சம். வந்து பார்த்தால் வலது இறக்கை பூட்டியிருக்கிறது.

நான் பூட்டவில்லை. பசை இல்லை.

பவளத்தைக் கேட்டேன். "எனக்கேன் மச்சாள் உந்த வேலை? தொட்டா அண்ணை ஏசுவார்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அரிசி புடைக்கப் போனாள்.

மாமாவைக் கேட்கவில்லை. காறித் துப்பிய மனிதரிடம் என்ன கேட்பது? மகன் போன நாள் முதல் அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததுமில்லை. கரையில் கவிழ்ந்து கிடக்கிற வள்ளத்தைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. "வெயிலிலை வெடிக்கப்போகுது, குங்கிலியத்தைப் பூசன் அண்ணை" என்று ஊரே சொல்கிறது. காதில் விழாதவர் போலப் போகிறார்.

அறையில் ஒரு வாசனை. என்னவென்று பிடிபடவில்லை. தெரிந்த வாசனை.

ஜனவரி 21, ஞாயிறு

பிடிபட்டுவிட்டது. குங்கிலியம். எண்ணெயில் உருக்கி வள்ளத்துப் பலகைகளின் இடுக்கில் பூசுவார்களே, அது. கலியாணமான புதிதில் இவருடைய கைகளில் அந்த வாசனைதான். சோறு பிசைந்தாலும் போகாது. எனக்கு முதலில் ஓங்காளம் வந்தது. பிறகு அந்த வாசனை இல்லாவிட்டால் நித்திரை வராது.

இறக்கையை மோந்து பார்த்தேன். அதே.

நான் விசரியில்லை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. பூட்டினது யார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

வெயில். மீன் காயப்போட்டோம்.

சில்லுகளையும் கால்களையும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கழற்றி ஒரு கோப்பையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பக்கத்தில் அவருடைய கிளாசில் தேத்தண்ணீர், சீனி தூக்கலாக. திரும்பி வந்தபோது தேத்தண்ணீரில் ஆடை படிந்திருந்தது, குறையவில்லை. ஆனால் சில்லுகள் பூட்டியிருந்தன, வால் இறக்கை இரண்டும்கூட. விமானம் சொந்தக் காலில் நிற்கிறது!

கிணற்றடியில் கேட்டது: "வேதாரணியத்திலை ரெண்டு பேரைப் பிடிச்சு மறியல்லை வைச்சிருக்காம். எங்கடை பக்கத்துப் பெடியளாம்." இன்னொருத்தி: "சும்மா இரடி, உவள் கேட்கப்போறாள்."

உவள் கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல வாளியைத் தூக்கினாள். மறியலில் இருக்கிறவர் எப்படி மேசையில் சில்லுப் பூட்டுவார்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எனக்கு இரண்டும் வேண்டும்.

பயமாகவும் இருக்கிறது. அறைக்குள் போகுமுன் இருமிவிட்டுத்தான் போகிறேன்.

ஜனவரி 25, வியாழன்

பவளம் இன்று வெடித்துவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், அழுவது வெங்காயத்துக்கென்று நினைத்தேன்.

"மச்சாள், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். அண்ணை வரமாட்டார். எனக்கும் அவர் வேணும்தான். ஆனா நான் எத்தினை வரியம் உப்பிடி இருக்கிறது? அவையள் வேறை இடம் பாக்கினமாம்."

"அவர் வீட்டிலைதான் இருக்கிறார்" என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லியிருந்தால் பைத்தியமென்று என்னைச் செல்வச்சந்நிதிக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டிருப்பார்கள்.

மாமா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். "தை அமாவாசைக்குச் செய்து முடிக்கிறதுதான். ஐயருக்குச் சொல்லிப்போட்டன்" என்றார், வலையைப் பார்த்துக்கொண்டே. குரலில் ஒரு துளி ஈரமில்லை. பெற்ற தகப்பன். நான் இந்த மனிதரை வெறுக்கிறேன்.

ஜனவரி 27, சனி

சங்கக்கடை பூட்டு. போன வேகத்தில் திரும்பினேன். பவளம் கிணற்றடியில். அறை யன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ கதைக்கிற சத்தம். ஆண் குரல், மெல்ல.

கூப்பிடப் போனேன், அவருடைய பெயரை. கலியாணமாகி ஒரு நாளும் சொல்லாத பெயர்.

யன்னலால் பார்த்தேன். மாமா.

நிலத்தில் சப்பாணி கட்டியிருந்தார். மடியில் விமானம். பக்கத்தில் சிரட்டையில் உருக்கிய குங்கிலியம். நூல் நூலாகப் பஞ்சைத் திரித்து, ஊசியால் இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வைத்து அடைக்கிறார், வள்ளத்துக்கு அடைப்பது போலவே. வயிற்றுப் பக்கம் முழுக்கக் குங்கிலியத்தை விரலால் இழைத்துப் பூசியிருக்கிறார். அந்தப் பெரிய கைகளுக்குள் அது ஒரு மீன் குஞ்சு அளவுதான்.

"இனித் தண்ணி போகாது மோனை. இனிப் போகாது. அப்பு வடிவா அடைச்சுப்போட்டன்."

விமானி இருக்கிற கண்ணாடி மூடியைச் சுற்றியும் அடைத்தார். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார்.

நான் சத்தமில்லாமல் வேலிப்பக்கம் போய் நின்றேன். வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். முதலில் கோபம்தான் வந்தது. கிழவா, என் புருசனை ஒரு கிழமை திருப்பித் தந்துவிட்டு இப்போது பறிக்கிறாயே என்று. பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

புயலுக்கு முதல் அந்த வள்ளத்துக்குக் குங்கிலியம் பூசினது மாமாதான். அது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் நினைவு வந்தது. பாவி மனிதர், இத்தனை நாளும் அதை எங்கே வைத்துக்கொண்டு சோறு தின்றார்!

எனக்கு என் புருசன் இன்றைக்குத்தான் செத்தார். எழுதிவிட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

நல்ல வெயில்.

பெயின்ற் எங்கும் இல்லை, வெளிநாட்டுச் சாமான் வருவதெல்லாம் நிறுத்திப்போட்டார்களே. பக்கத்து வீட்டில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறம் கொஞ்சம் கிடைத்தது. தோல் படர்ந்து கிடந்ததை மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினேன். விமானத்தை முற்றத்துக்கே கொண்டுவந்து, மாமா பார்க்கத்தக்கதாக இருந்து அடித்தேன்.

ஒளித்துக்கொள்ள இடமில்லாமல் வந்து நின்றார்.

"உந்தக் குண்டுகளும் பூட்டப் போறியோ?"

"வேண்டாமெண்டால் விடுறன் மாமா."

"விடு. பாரம். அவனுக்குப் பாரம் ஏத்துறது பிடிக்காது."

குண்டு இரண்டையும் பெட்டிக்குள் திரும்பப் போட்டேன். அவர் குந்திக்கொண்டு வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். நான் விட்ட இடங்களை விரலால் காட்டினார். குங்கிலியத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் அறிந்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் சொன்னேன். தூரிகையை விமானத்தை விட்டு எடுக்காமல்.

"மாமா, அமாவாசைக்குச் செய்வம். நான் குறுக்கை நிக்கேல்லை."

இதற்காகத்தானே இரண்டு மாதமாக என்னோடு மல்லுக்கு நின்றார்? வேலியைப் பார்த்தார். காகத்தைப் பார்த்தார்.

"பெயின்ற் காயட்டும் பிள்ளை. பிறகு பாப்பம்."

ஜனவரி 30, செவ்வாய்

காயவில்லை. மேல்பக்கம் பரவாயில்லை. வயிற்றுப் பக்கம் பிசுபிசுப்பு.

மாமா காலையில் கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். "ஓம், பனிதானே" என்றார். முகத்தில் ஒரு தெளிவு. கஞ்சி இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜனவரி 31, புதன்

ஐயர் படலையடிக்கு வந்துவிட்டார். தர்ப்பைக்கு ஆள் அனுப்ப வேண்டுமாம், சனிக்கிழமை அமாவாசை.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. இன்னும் காயேல்லை."

"என்ன காயேல்லை?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை சொல்லாட்டி, பிறகு மாசிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

பவளம் குசினியில் சட்டியைப் போட்டு உடைத்தாள். கை தவறியதாம்.

எண்ணெய்க்கு மேல் அடித்த பெயின்ற் காயாது. வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்தே தலை நரைத்த மனிதருக்கு அது தெரியாதா? மாசிக்கும் காயாது. வைகாசிக்கும் காயாது. தகப்பன் மகனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும், இந்த உலகத்தில் அதைப்போல ஒரு கொடுமை உண்டா? கொள்ளி, கொள்ளி என்று வாயால் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் நான் மறித்துக்கொண்டு நின்ற தைரியத்தில்தான். நான் விலகினதும் மனிதர் நடுங்குகிறார்.

எனக்கும் காயாமலே இருந்தால் நல்லதுதான். தாலிக்கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். யாருடைய கழுத்திலோ கிடப்பது மாதிரி.

பெப்ரவரி 1, வியாழன்

காற்றில்லை. கடல் குளம் மாதிரி.

காலை முழுக்க மாமா முற்றத்தில் நடந்தார். பவளம் தன் புதுச் சீலைகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். மாசி, வைகாசி என்று இனி அவள் கணக்குப் பார்க்கமாட்டாள் போல. அதைப் பார்த்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பின்னேரம், ஐயர் சொன்ன நேரம் நெருங்கியது. மாமா அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"காய்ஞ்சுதோ பிள்ளை?"

விமானத்தைத் தூக்கினேன். வயிற்றுப் பக்கம் விரலை வைத்தேன். ஒட்டியது. எடுத்தபோது விரல் முழுக்கச் சாம்பல். கையைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"காய்ஞ்சிட்டுது மாமா."

என்னைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். எட்டிக் கை வைத்தால் தெரிந்துவிடும். அவர் தொட்டுப் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஐயர் வீட்டுப் பக்கம் போனார்.